பெட்டி, கூம்பு, கிராஸோவர்: ஒலிபெருக்கியை வீட்டில் திருத்துதல்

பதிவுசெய்யப்பட்ட இசை கேட்பவரின் காதை அடையும்வரை கடந்துவரும் கருவிகளுள் மிகுதியாகப் பிழை செய்வது ஒலிபெருக்கியே. ஓரளவு நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மூல இசையில் இல்லாத ஒலிகளைத் தன் பங்குக்குச் சேர்ப்பது ஒரு விழுக்காட்டின் சிறு பின்னமாகவே இருக்க, ஒலிபெருக்கியோ தாழ்ந்த அதிர்வெண்களில் உரக்க ஒலிக்கும்போது பல விழுக்காடு வரை சேர்த்துவிடுகிறது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு ஏறத்தாழ நேர்கோடாகச் செல்ல, மதிப்புக்குரிய ஒலிபெருக்கிகளில்கூட அது 2, 3 டெசிபல் ஏறி இறங்குவதைக் காணலாம். ஆகவே, ஹை-ஃபை கருவிகளில் கைவைக்க விரும்பும் ஆர்வலரின் திருப்புளி முதலில் ஸ்பீக்கர் பெட்டியை நாடுவதில் வியப்பில்லை. பிழை மிகுந்த இடத்தில் திருத்தத்துக்கும் இடம் மிகுதி என்று தோன்றுவது இயற்கை. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பது, அந்தப் பிழைகள் எப்படி ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இன்று வீடுகளில் உள்ள ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட அமைப்பின் வழிவந்தவை. காந்தத்தின் குறுகிய இடைவெளியில் தொங்கும் கம்பிச்சுருள், அதாவது குரல்சுருள், தன்னுள் பாயும் மின்னோட்டத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்து, தன்னோடு ஒட்டியுள்ள கூம்பை நகர்த்த, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. கூம்பின் எடையோடு ஒப்பிட்டால் அது தள்ளும் காற்று மிக இலேசானது என்பதால் ஆற்றல் காற்றுக்குக் கைமாறுவது அரிதாகவே நிகழ்கிறது: 1 வாட் மின்திறனுக்கு 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தரும் ஒலிபெருக்கி, தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ 0.4 விழுக்காட்டை மட்டுமே ஒலியாக்க, எஞ்சியதெல்லாம் குரல்சுருளில் வெப்பமாகிப் போகிறது. கூம்பை இலேசாக்கினால் இந்த விளைதிறன் கூடும். ஆனால் கூம்பு தானாக அதிர விரும்பும் அதிர்வெண்ணும் உயர்ந்து, தாழ்வொலி மெலியும். பெட்டியைச் சிறிதாக்கினாலும் அதுவே நேரும். உயர்ந்த விளைதிறன், ஆழ்ந்த தாழ்வொலி, சிறிய பெட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெறமுடியும் என்னும் இக்கட்டுப்பாட்டை ஹாஃப்மனின் இரும்பு விதி என்று துறையினர் அழைப்பர். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ஒலிபெருக்கியும் இந்த இழுபறியில் யாரோ ஒரு பொறியாளர் கண்ட உடன்பாடு. அதில் ஓர் உறுப்பின் குறையை மற்றோர் உறுப்பின் குறை ஈடுசெய்வது தற்செயலன்று, பெரும்பாலும் திட்டமிட்டது. குறையென்று கண்ட ஒன்றை மட்டும் தனித்து நீக்குபவர், அது தாங்கிக்கொண்டிருந்த மற்றொன்றைக் கவிழ்த்துவிடக்கூடும்.

பெட்டிக்கும் கூம்புக்கும் இடையிலான உறவு இதற்கு மிகத் தெளிவான சான்று. 1954-இல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உருவாக்கிய ஏஆர்-1 என்னும் ஒலிபெருக்கி, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்பின் சுருள்வில்லாகப் பயன்படுத்தியது. கூம்பைத் தாங்கும் தொங்கலை வேண்டுமென்றே தளர்வாக அமைத்து, திரும்ப இழுக்கும் வேலையைக் காற்றிடம் ஒப்படைத்ததால், அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து அதுவரை எவரும் எதிர்பாராத ஆழ்ந்த ஒலி வந்தது. அந்த உறவை எவரும் கணக்கிடத்தக்க எண்களாக மாற்றிய பெருமை, 1961-இல் ஆஸ்திரேலியாவில் கட்டுரை வெளியிட்ட நெவில் தீலுக்கும், 1970களின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்திலிருந்து அதை விரிவாக்கிய ரிச்சர்ட் ஸ்மாலுக்கும் உரியது. அவர்கள் பெயராலேயே வழங்கும் அளவுருக்களில் மூன்றை அறிந்தால் வீட்டுத் திருத்தத்துக்குப் போதும். பெட்டியில் பொருத்தாத நிலையில் கூம்பு தானாக அதிரும் தன்னதிர்வெண் ஒன்று. கூம்பின் தொங்கலுக்கு உள்ள அதே நெகிழ்ச்சியைத் தரும் காற்றின் பருமன், அதாவது சமானப் பருமன், இரண்டாவது. அந்த அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதைக் காட்டும் கியூ எண் மூன்றாவது. இது குறைந்தால் அதிர்வு விரைந்து அடங்கும், கூடினால் நீடிக்கும்.

மூடிய பெட்டியில் பொருத்தியதும் தன்னதிர்வெண்ணும் கியூ எண்ணும் ஒரே விகிதத்தில் உயர்கின்றன; அவ்விகிதம், சமானப் பருமனைப் பெட்டியின் பருமனால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது. 40 ஹெர்ட்ஸ் தன்னதிர்வெண்ணும் 24 லிட்டர் சமானப் பருமனும் 0.35 கியூ எண்ணும் உடைய வூஃபரை, அதாவது தாழ்வொலிக்கான கூம்பை, 8 லிட்டர் பெட்டியில் வைத்தால் விகிதம் 2 ஆகி, பெட்டியோடு கூடிய அதிர்வெண் 80 ஹெர்ட்ஸாகவும் கியூ 0.7 ஆகவும் அமையும். இது புடைப்பின்றிச் சீராகச் சரியும் நல்ல தாழ்வொலி. இப்போது உரிமையாளர், அதே விட்டமும் அதே திருகு துளைகளும் உள்ள, விலையும் பெயரும் உயர்ந்த வேறொரு வூஃபரை அங்கே மாற்றுகிறார் என்று கொள்வோம். அதன் சமானப் பருமன் 40 லிட்டர், கியூ 0.5 என்றால், விகிதம் 2.45 ஆகி, மொத்தக் கியூ 1.2-ஐத் தாண்டி, ஒத்ததிர்வுக்கு அருகில் ஏறத்தாழ 2.5 டெசிபல் புடைப்பு எழும். தனியே எடுத்துப் பார்த்தால் பழையதைவிடச் சிறந்த அந்த வூஃபர், அந்தப் பெட்டியில் ஒவ்வொரு மிருதங்கத் தொப்பியின் ஒலியையும் ஒரே சுருதியில் முழங்கவைக்கும். விலைப்பட்டியல் இதைச் சொல்லாது. தரவுத்தாளின் மூன்று எண்களும் ஒரு கணிப்பானும் சொல்லிவிடும்.

பெட்டியில் குழாய்த்துளை, அதாவது போர்ட், இருந்தால் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. வாய் குறுகிய புட்டியின் விளிம்பில் ஊதும்போது எழும் ஒலிக்குக் காரணமான ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வுதான் இங்கும் செயல்படுகிறது: குழாய்க்குள் உள்ள காற்று எடையாகவும் பெட்டிக்குள் உள்ள காற்று சுருள்வில்லாகவும் நின்று, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கூம்பின் வேலையைத் துளையே ஏற்றுக்கொள்கிறது. 20 லிட்டர் பெட்டியில் 5 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. நீளமும் உள்ள குழாய், முனைத்திருத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸில் இசைந்திருக்கும். அதை 6 செ.மீ. ஆக வெட்டினால் இசைவு 55 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே பெட்டியின் காற்று கூம்பைத் தடுத்துப் பிடிப்பதில்லை என்பதால், குழாயை வெட்டியவரின் வூஃபர் ஆழ்ந்த சுரங்களில் கட்டுப்பாடின்றி வெளியே துள்ளும். இதற்கு மாறாக, அறையில் தாழ்வொலி மிஞ்சும்போது துளையை நுரைப்பஞ்சால் அடைப்பது எளிய, மீளத்தக்க திருத்தம். சில தயாரிப்பாளர்களே அதற்கான அடைப்பானைப் பெட்டியோடு தருகின்றனர்.

முதுமையால் சிதைந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மேம்படுத்தலிலிருந்து வேறான பணி. ஐயத்துக்கு இடமின்றிப் பயன் தருவதும் அதுவே. கூம்பின் விளிம்பைச் சட்டகத்தோடு இணைக்கும் வளையம், அதாவது சரவுண்ட், 1970கள் முதல் பல ஒலிபெருக்கிகளில் பாலியூரித்தேன் நுரையால் செய்யப்பட்டது. காற்றின் ஈரம் அந்நுரையின் மூலக்கூறு இணைப்புகளை மெல்லமெல்ல அறுப்பதால், பத்திருபது ஆண்டுகளில் அது விரல் பட்டாலே உதிரும் நிலையை அடைகிறது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் அது இன்னும் விரைந்து நேர்வதில் வியப்பில்லை. புதிய வளையத்தை ஒட்டுவதில் உள்ள நுட்பம் பசையில் இல்லை, மையப்படுத்துவதில் இருக்கிறது: குரல்சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் பின்னமே என்பதால், நடுமூடியை அகற்றிச் சுருளைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகியோ, 30 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியைச் செலுத்திக் கூம்பு உரசாமல் அசைகிறதா என்று கேட்டுக்கொண்டோ வளையத்தை ஒட்டவேண்டும். நுரை இருந்த இடத்தில் ரப்பர் வளையத்தைப் போட்டால் நெடுங்காலம் உழைக்கும் என்பது உண்மையே; ஆனால் ரப்பரின் எடையும் விறைப்பும் வேறாகையால், தன்னதிர்வெண்ணும் கியூ எண்ணும் மாறி, முன்பு கண்ட பெட்டிக் கணக்குத் தொடக்கத்திலிருந்து மீண்டும் போடப்படவேண்டியதாகிறது.

முதுமை தாக்கும் மற்றோர் இடம் கிராஸோவர். தாழ்ந்த அதிர்வெண்களை வூஃபருக்கும் உயர்ந்தவற்றை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் இம்மின்சுற்று, மின்தேக்கி, மின்தூண்டி, மின்தடையாக்கி ஆகிய மூவகை உறுப்புகளால் ஆனது. மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர், உயர்ந்த அதிர்வெண்களை எளிதாக விடும். மின்தூண்டி என்னும் கம்பிச்சுருள் தாழ்ந்தவற்றை எளிதாக விடும். சிக்கனம் கருதிப் பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்திய மின்பகுளி மின்தேக்கிகளில் ஈரம் உலரஉலர, அவற்றின் தேக்குதிறன் நழுவி, உள்மின்தடை உயர்கிறது. 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடரிணைப்பில் நிற்கும் மின்தேக்கியில் 1 ஓம் தடை புதிதாகச் சேர்ந்தாலே உயர்ந்த ஒலிகள் 1 டெசிபல் தணிந்துவிடும். பதிவு முழுவதற்கும் ஒரு மங்கலைப் பூச அது போதும். முப்பது ஆண்டு பழைய பெட்டியில் இவற்றை மாற்றுவது நியாயமான செலவு. புதிதாகப் போடுவது பாலிப்ரொப்பிலீன் படல வகையாக இருந்தால், அதன் உள்மின்தடை ஏறக்குறைய சுழியம் என்பதையும், வடிவமைப்பாளர் தன் கணக்கில் பழைய வகையின் அரை ஓம் அளவிலான தடையைச் சேர்த்தே ட்வீட்டரின் உரப்பை நிறுத்தியிருக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொண்டு, தேவைப்பட்டால் அதே அளவு மின்தடையாக்கியைத் தொடரில் சேர்ப்பது நல்லது. மின்தேக்கி மாற்றியதும் திரை விலகினாற்போன்ற தெளிவு வந்தது என்று பலர் கூறுவதன் பின்னணியில், பெரும்பாலும், ட்வீட்டர் சற்றே உரத்துவிட்டது என்ற எளிய காரணம்தான் இருக்கிறது.

கிராஸோவரின் மற்ற இரகசியங்கள் இதைவிட ஆழமானவை. இரண்டாம் படி வடிகட்டி எனப்படும் வகையில், பிரிக்கும் அதிர்வெண்ணில் வூஃபருக்குச் செல்லும் அலையும் ட்வீட்டருக்குச் செல்லும் அலையும் அரைச் சுற்று விலகி நிற்கும் என்பதால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கவே பல வடிவமைப்பாளர்கள் ட்வீட்டரின் இரு முனைகளையும் தலைகீழாக இணைக்கின்றனர். பெட்டியைத் திறந்த ஆர்வலர், சிவப்புக் கம்பி கறுப்பு முனையில் இருப்பதைத் தொழிற்சாலையின் கவனக்குறைவு என்று கருதித் திருத்தினால், மனிதக் குரலின் தெளிவுக்கு இன்றியமையாத 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒரு பள்ளத்தைத் தன் கையாலேயே வெட்டியவராவார். வூஃபரின் முனைத்திசையை அறிய 1.5 வோல்ட் மின்கலத்தைத் தொட்டு, கூம்பு வெளியே நகர்ந்தால் மின்கலத்தின் நேர்முனை தொட்ட இடம் நேர்முனை என்று கொள்வது வழக்கம். ஆனால் ஜேபிஎல் நிறுவனம் பல பத்தாண்டுகள் இதற்கு நேர்மாறான மரபைக் கடைப்பிடித்ததால், வழக்கத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை.

வடிகட்டியின் அளவுகளைப் பாடநூல் வாய்பாட்டின்படி மாற்றுவதும் இத்தகைய பொறியே. 8 ஓம் சுமைக்கு 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்கும் இரண்டாம் படி பட்டர்வர்த் வடிகட்டிக்கு 0.6 மில்லிஹென்றி மின்தூண்டி போதும் என்று வாய்பாடு சொல்லும். திறமையான வடிவமைப்பாளரின் பெட்டியிலோ அதன் இருமடங்கைக் காண்பது அரிதன்று. முதற்காரணம், ஒலிபெருக்கியின் மின்மறுப்பு, அதாவது இம்பீடன்ஸ், பின்பலகையில் அச்சிட்ட 8 ஓம் என்ற ஒற்றை எண்ணாக ஒருபோதும் இருப்பதில்லை; ஒத்ததிர்வில் பல மடங்கு ஏறி, பின் இறங்கி, குரல்சுருளின் தூண்டலால் உயர் அதிர்வெண்களில் மறுபடியும் ஏறுகிறது. இரண்டாம் காரணம் இன்னும் சுவையானது. உயர்ந்த அதிர்வெண்களில் அலைநீளம் குறைவாகையால் பெட்டியின் முகப்புப் பலகை ஒலியை முழுவதும் முன்னோக்கித் திருப்புகிறது. தாழ்ந்தவற்றின் நீண்ட அலைகளோ பெட்டியைச் சுற்றி வளைந்து பின்புறமும் பரவிவிடுகின்றன. 20 செ.மீ. அகல முகப்புள்ள பெட்டியில் இம்மாற்றம் ஏறத்தாழ 575 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டு நிகழ, திறந்தவெளியில் அதன் இரு பக்கங்களுக்கும் இடையே 6 டெசிபல் படிக்கட்டு உண்டாகிறது. பெரிய மின்தூண்டி இந்தப் படிக்கட்டைச் சமன்செய்யவே வைக்கப்பட்டது; அதை அகற்றியவரின் ஒலிபெருக்கி மெலிந்து, முகத்தில் அறைவது போலக் கத்தும். இரும்பு உள்ளகமுள்ள மின்தூண்டியைக் காற்று உள்ளகமுள்ளதாக மாற்றினால் உருக்குலைவு குறையும் என்பது மெய்யாயினும், அதற்கு நீண்ட கம்பி வேண்டியிருப்பதால் மின்தடை ஏறி, வூஃபரின் கியூ எண்ணையும் ஏற்றிவிடும். எனவே தடித்த கம்பியால் சுற்றியதையே தேடவேண்டும்.

பெட்டியின் சுவர்களைப் பற்றி இரு கொள்கைகள் உண்டு. ஒன்று, குறுக்குக் கட்டைகளை ஒட்டிச் சுவர்களை விறைப்பாக்குவது. தாங்கலற்ற பரப்பின் இடைதூரம் பாதியானால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், சரியான இடத்தில் ஒட்டிய ஒரு சிறு கட்டையே வேலையைச் செய்யும். மற்றொன்று பிபிசியின் ஆய்வுப் பிரிவில் ஹார்வுட்டும் அவருடன் பணியாற்றியோரும் வளர்த்த கொள்கை: மெல்லிய ப்ளைவுட் சுவரின் உட்புறம் தார் கலந்த கனத்த தகடுகளை ஒட்டி, அதிர்வைத் தடுப்பதற்கு மாறாக, காது எளிதில் உணராத தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி அடக்கிவிடுவது. வெளிப்புற ஒலிபரப்பு ஊர்திகளில் பயன்படுத்த 1970களில் அங்கே உருவான எல்எஸ்3/5ஏ என்னும் சிற்றொலிபெருக்கி இக்கொள்கையின் புகழ்பெற்ற வடிவம். அதில் ட்வீட்டரைச் சுற்றி ஒட்டிய கம்பளிப் பட்டைகள்கூட, முகப்பின் ஓரங்களில் அலைகள் மோதிச் சிதறுவதைக் குறைக்கவே வைக்கப்பட்டன. இத்தகைய பெட்டிக்குள் குறுக்குக்கட்டை அடிப்பவர் ஒரு கொள்கையின் வீட்டில் மற்றொரு கொள்கையைக் குடியேற்றி இரண்டையும் கெடுக்கிறார். உட்புறத்தில் பஞ்சு நிரப்புவது இரண்டுக்கும் பொது: மூடிய பெட்டியில் இழைகள் காற்றின் வெப்பத்தை வாங்கிக் கொடுத்து, பெட்டியைக் கோட்பாட்டளவில் 1.4 மடங்கு வரை பெரிதானது போலச் செயல்படவைக்கின்றன. நடைமுறையில் கிடைப்பது அதனினும் குறைவு. தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சே பாதுகாப்பானது. கண்ணாடி இழையைக் கையாள்வோர் முகமூடியும் கையுறையும் அணியவேண்டும்.

கம்பிவடங்களைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. வீட்டு மின்னிணைப்புக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 மீட்டர் இழுத்தால், போகவரச் சேர்த்து மின்தடை 0.12 ஓமுக்கும் குறைவு. 8 ஓம் ஒலிபெருக்கியில் இழப்பு 0.12 டெசிபல். அதற்குமேல் வடத்துக்குச் செலவிடும் பணம் கண்ணுக்கு விருந்தாகலாம்.

செலவே இல்லாத திருத்தமும் ஒன்று வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. 1978-இல் வீட்டுப் பயன்பாட்டுக்காக யமஹா வெளியிட்ட என்எஸ்-10 என்னும் ஒலிபெருக்கி வீடுகளில் பெரிதாக எடுபடாமல், ஒலிப்பதிவுக் கூடங்களில் உலகெங்கும் நிலைபெற்றது. அதன் உயரொலி கூர்மையாக இருப்பதாகக் கருதிய ஒலிப்பொறியாளர்கள் ட்வீட்டரின் முன் மெல்லிழைத் தாளைத் தொங்கவிட்டனர். அது பழக்கமாகவே பரவியபின், 1987-இல் யமஹாவே உயரொலியைத் தணித்த மாற்றுவடிவத்தைக் கூடங்களுக்கென்று வெளியிட்டது. தாள் உயரொலியைக் குறைத்தது உண்மை. கூடவே, தாளுக்கும் ட்வீட்டருக்கும் இடையே எதிரொலித்த அலைகள் வெளியீட்டில் புதிய மேடுபள்ளங்களை உண்டாக்கியதும் உண்மை. இரண்டு ரூபாய் மின்தடையாக்கி ஒன்று முதல் வேலையை இரண்டாவது இல்லாமல் செய்திருக்கும்.

திருத்தம் பயன்தந்ததா என்பதை அளந்தறிய இன்று பெருஞ்செலவு தேவையில்லை. அளவுதிருத்தம் செய்த ஒரு யுஎஸ்பி ஒலிவாங்கியும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் போன்ற மென்பொருளும் போதும். அறையின் எதிரொலிகள் அளவீட்டில் கலவாதிருக்க, முதல் எதிரொலி வந்துசேர்வதற்கு முன்பே பதிவை வெட்டிவிடவேண்டும்: ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், 1 மீட்டர் இடைவெளியில் இருந்தால், தரையில் பட்டுவரும் ஒலி 1.6 மீட்டர் கூடுதலாகப் பயணித்து ஏறத்தாழ 4.7 மில்லிநொடி தாமதமாக வரும். அவ்வளவு குறுகிய சாளரத்தில் ஏறத்தாழ 210 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதையும் நம்பமுடியாது. அதற்குக் கீழே ஆட்சி செய்வது அறையே. முகப்பு பின்சுவரிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 120 ஹெர்ட்ஸை ஒட்டி நேரொலியை அழித்துப் பள்ளம் தோண்டும். பெட்டியைச் சுவரோடு நெருக்கினால் பள்ளம் மேலே நகர்ந்து, தாழ்வொலி கூடும். ஆகவே கிராஸோவரை அறுக்கும் முன் பெட்டியை அரை மீட்டர் நகர்த்திப் பார்ப்பது அறிவுடைமை.

காதின் சான்றை ஏற்பதற்கும் ஒழுங்கு வேண்டும். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் 1980களில் ஃப்ளாய்ட் டூல் நடத்திய சோதனைகளில், எந்த ஒலிபெருக்கி என்று அறியாமல் கேட்டோர், நேர்முகத்தில் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சீரான வெளியீடு உள்ளவற்றையே தொடர்ந்து விரும்பினர்; 1994-இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வில், கேட்போர் ஒலிபெருக்கியைக் கண்ணால் கண்டபோது, அதன் தோற்றமும் பெயரும் மதிப்பெண்ணை மாற்றின. தன் கையால் பற்றவைத்த பெட்டியைக் கேட்பவரிடம் இந்தச் சாய்வு இன்னும் வலிமையாகவே இருக்கும். ஆகவே இரு பெட்டிகளில் ஒன்றை மட்டும் முதலில் திருத்தி, இரண்டையும் அருகருகே ஒரே உயரத்தில் வைத்து, உரப்பை டெசிபலில் பத்திலொரு பங்கு அளவுக்குச் சமப்படுத்தி, ஒரே தடப் பதிவொன்றை மாற்றிமாற்றி ஒலிக்கச்செய்து, எது ஒலிக்கிறது என்பதை அறியாத ஒருவரின் கருத்தைக் கேட்கலாம். கழற்றிய உறுப்புகளை, அளந்த மதிப்புகளை எழுதிய சீட்டோடு, ஓர் உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைத்தால், பின்னாளில் அதைத் திறப்பவர் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை அறிந்துகொள்வார்.